காஹாங் சாலையும் அறுபது அட்டைகளும்

குளுவாங்கிலிருந்து மெர்சிங் போகும் 50ஆம் எண் கூட்டரசுச் சாலையில், ஏறக்குறைய பாதி வழியில் இருக்கிறது காஹாங். தியோமான் தீவுக்குப் படகு பிடிக்கப் போகிறவர்கள் இங்கே எண்ணெய் போடுவார்கள், பசியாறுவார்கள், கழிவறை எங்கே என்று கேட்பார்கள். பின்கண்ணாடியில் கடைவரிசை மறைவதற்குள் ஊரின் பெயரையும் மறந்துவிடுவார்கள். எண்டாவ் ரொம்பின் காட்டுக்குப் போகிறவர்களுக்கு மட்டும்தான் காஹாங் ஒரு முக்கியமான ஊர். காட்டின் வாசலான கம்போங் பெத்தாவுக்கு 56 கிலோமீட்டர் மண்பாதை இங்கிருந்துதான் பிரிகிறது.

என் அண்ணன் குடும்பம் காஹாங்கில் இருக்கிறது. கோலாலம்பூரில் இருக்கிற நான் ஆண்டுக்கு ஒருமுறையாவது போய்வருவேன். 2024 மே மாதக் கடைசியில், பள்ளி விடுமுறையின்போது போனது மற்ற பயணங்களைப் போல இல்லை. அண்ணன் மகன், நான்காம் படிவ மாணவன், குளுவாங்கிலேயே என்னைப் பிடித்துக்கொண்டான். கையில் ஒரு சிறிய பிளாஸ்டிக் பெட்டி. அதில் அறுபது போக்கிமோன் அட்டைகள். “மத்தியானம் கேம் இருக்கு சித்தப்பா. முடிஞ்சதும் ஒண்ணா வீட்டுக்குப் போயிடலாம்” என்றான்.

குளுவாங்கில் காத்திருப்பது ஒரு சிரமமே இல்லை. 1938இலிருந்து நடக்கும் ரயில் நிலையக் கோப்பிக் கடை இருக்கிறது. கரியடுப்பில் வாட்டிய பன், உள்ளே வெண்ணெயும் காயாவும், பக்கத்தில் கோப்பி ஓ. அங்கே உட்கார்ந்துதான் பையன் எனக்குப் பாடம் எடுத்தான்.

போக்கிமோன் என்றால் கன்னம் சிவந்த மஞ்சள் எலி என்ற அளவில்தான் நம்மில் பலருக்குத் தெரியும். ஆனால் அட்டை விளையாட்டு வேறு சங்கதி. நமக்குத் தெரிந்த சீட்டுக் கட்டில் 52 சீட்டு. யார் குலுக்கினாலும் அதே 52. ரம்மியில் கைக்கு வந்ததை வைத்து ஒப்பேற்ற வேண்டும். இந்த விளையாட்டில் கட்டையே ஆடுகிறவன் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வருகிறான். ஆயிரக்கணக்கான அட்டைகள் அச்சாகியிருக்கின்றன. அவற்றிலிருந்து அறுபதைத் தேர்ந்தெடுக்கலாம். அடிப்படைச் சக்தி அட்டைகளைத் தவிர வேறெந்த அட்டையும் ஒரே பெயரில் நான்குக்கு மேல் கூடாது. ஆட்டத் தொடக்கத்தில் ஆளுக்கு ஆறு பரிசு அட்டைகள் கவிழ்த்து வைக்கப்படும். எதிரியின் ஒரு போக்கிமோனை வீழ்த்தினால் ஒரு பரிசு அட்டையை எடுத்துக்கொள்ளலாம். ஆறையும் எடுத்தவன் வென்றான். இஎக்ஸ் என்று பெயருக்குப் பின்னால் எழுதிய பெரிய ஆள் விழுந்தால் மட்டும் இரண்டு பரிசு.

இதில் ஒரு சூட்சுமம் ஒளிந்திருக்கிறது. இஎக்ஸ்களை வைத்து ஆடுகிறவனின் ஆட்கள் மூன்று முறை விழுந்தால் கதை முடிந்தது. சின்ன ஆட்களை வைத்து ஆடுகிறவன் ஆறு முறை விழலாம். பெரிய ஆளுக்குப் பலம் அதிகம், விலையும் அதிகம். விலை என்றால் கடையில் கொடுக்கும் காசு மட்டுமில்லை.

“அப்ப எல்லாரும் ஏன் பெரிய ஆளயே போடுறாங்க?” என்று கேட்டேன்.

“ஜெயிக்குதே சித்தப்பா!”

உலகத்தில் எங்கே பெரிய போட்டி நடந்தாலும், வென்ற கட்டின் பட்டியல் மறுநாளே இணையத்தில் வந்துவிடுகிறது. அறுபது அட்டைகளின் பெயரும் எண்ணிக்கையும் அப்படியே இருக்கும். பார்த்து எழுதி, வாங்கிக் கட்டினால், குளுவாங்கில் இருந்துகொண்டே உலகப் போட்டியாளர் ஆடும் கட்டை ஆடலாம். அந்தக் காலகட்டத்தில் எந்தெந்தக் கட்டுகள் மேலே இருக்கின்றன, எது எதை அடிக்கும் என்ற நிலவரத்துக்கு மெட்டா என்று பெயர். சந்தை விலை மாதிரி அது வாரா வாரம் ஏறும், இறங்கும். பையன்களின் பேச்சில் பாதி இதுதான்.

அப்போது மெட்டாவின் ராஜா சாரிஸார்ட் இஎக்ஸ். 2023இல் வந்த நெருப்பு டிராகன். உயிர்ப்புள்ளி 330. களத்தில் அது முழு வளர்ச்சி அடையும் கணத்திலேயே கட்டிலிருந்து மூன்று நெருப்புச் சக்திகளைத் தேடி எடுத்து ஒட்டிக்கொள்ளலாம். எதிரி எத்தனை பரிசு எடுக்கிறானோ அத்தனைக்கு அதன் அடியும் கூடும். அடிக்க அடிக்க வெறி ஏறும் மாடு என்று வைத்துக்கொள்ளுங்கள். இதற்குத் துணையாக பிஜியாட் இஎக்ஸ் என்ற பறவை; தன் முறை வரும்போதெல்லாம் கட்டிலிருந்து வேண்டிய அட்டை ஒன்றை எடுத்துக் கையில் கொடுக்கும். இரண்டும் சேர்ந்தால், ஆடுகிறவனுக்குக் கெட்ட நேரம் என்பதே கிடையாது.

பையனிடம் சாரிஸார்ட் இல்லை. வாங்கவே முடியாது என்பதில்லை. போக்கிமோனில் பளபளக்கும் ஓவிய அட்டைகள்தான் யானை விலை; ஆடுவதற்கான சாதாரணப் பதிப்பு அவ்வளவு இல்லை. ஆனாலும் அறுபதையும் சேர்க்கும்போது, அதிலும் கட்டுக்கு ஒன்று மட்டுமே அனுமதிக்கப்படும் ஏஸ் ஸ்பெக் அட்டையும் சேரும்போது, ஒரு மாணவனின் கைச்செலவுக் காசு தாங்காது. காஹாங்கில் இந்த அட்டைகளுக்கென்று கடையும் இல்லை. கூட்டாளிகள் வேண்டாம் என்று ஒதுக்கியதும், குளுவாங் கடையில் ஒரு ரிங்கிட்டுக்கு இத்தனை என்று கொட்டிவைத்திருக்கும் பெட்டியில் பொறுக்கியதும்தான் அவன் சொத்து.

அந்தப் பெட்டியில் அவனுக்கு மிமிக்யூ கிடைத்தது. கிழிந்த துணியைப் போர்த்திக்கொண்டு மஞ்சள் எலியைப் போல வேடமிட்ட ஒரு குட்டிப் பேய். உயிர்ப்புள்ளி வெறும் 70. ஆனால் அதற்கு ஒரு வரம் உண்டு: எதிரியின் இஎக்ஸ் போக்கிமோன்கள் என்ன அடித்தாலும் அதற்குச் சேதம் ஆகாது. 330 புள்ளி டிராகன் எரித்தாலும் பேய்க்குத் துணி கருகாது. பதிலுக்கு அது ஒருமுறை தாக்கினால் 70 புள்ளி போகும். ஐந்து முறை தாக்கினால் டிராகன் சரியும். மெதுவான சாவு. நான்கு மிமிக்யூ, தேவையானபோது அவற்றைத் தேடி எடுக்கும் அட்டைகள், எதிரியின் சக்திகளைப் பிடுங்கும் அட்டைகள் என்று அவன் கட்டு இருந்தது. இப்படி ஒரு பட்டியல் எந்தப் பெரிய போட்டியிலும் வென்றதில்லை என்பதை அவனே சொன்னான், கொஞ்சம் பெருமையாக.

கடை ஒரு கடைவீட்டின் மேல்மாடியில். பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். மலாய் மாணவர்கள், சீன இளைஞர்கள், மகனைக் கூட்டிவந்து தானும் ஆடும் ஐம்பது வயது சீன அங்கிள் ஒருவர், நம் பையன்கள் மூவர். எல்லாரும் எல்லா மொழியிலும் பேசினார்கள். அட்டைகளின் பெயர் மட்டும் ஒரே மொழியில். நான் எண்ணிப் பார்த்தேன். பன்னிரண்டில் ஐந்து பேர் சாரிஸார்ட்.

முதல் ஆட்டத்தில் எதிரே உட்கார்ந்தவன் ஒரு சாரிஸார்ட். மூன்றாவது முறையே டிராகன் வந்துவிட்டது. அடித்தான். ஒன்றும் ஆகவில்லை. அட்டையை எடுத்துப் படித்தான். மறுபடி படித்தான். பிறகு தன் கட்டில் இஎக்ஸ் அல்லாத அடியாள் யாராவது இருக்கிறானா என்று மனத்துக்குள் தேடுவது முகத்தில் தெரிந்தது. இல்லை. இருபது நிமிடத்தில் ஆட்டம் முடிந்தது. இரண்டாவது ஆட்டமும் அப்படியே. அண்ணன் மகன் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்த நடையில் ஒரு மிதப்பு இருந்தது.

மூன்றாவது மேசையில் அங்கிள். அவரும் சாரிஸார்ட்தான். ஆனால் அவர் கட்டில் பெயர் வேறான இன்னொரு சாரிஸார்ட் இருந்தது; ரேடியன்ட் என்ற வகை. கட்டுக்கு ஒரே ஒரு ரேடியன்ட்தான் வைக்கலாம். அது இஎக்ஸ் இல்லை. ஒரு அடிக்கு 250. பிஜியாட் அதைத் தேடி எடுத்துக் கொடுத்தது. மிமிக்யூவின் வரம் அதனிடம் செல்லாது. ஒன்று, இரண்டு, மூன்று என்று குட்டிப் பேய்கள் விழுந்தன. அங்கிள் வெற்றியைக் கொண்டாடவில்லை. அட்டைகளைத் திருப்பிப் போட்டு, எந்த இடத்தில் இவன் வேறு மாதிரி ஆடியிருக்கலாம் என்று மலாயில் பொறுமையாக விளக்கினார். போன மாதம் தன் மகனும் இதே பேயால் ஆட்டம் கட்டப்பட்டானாம். அதற்கப்புறம்தான் ரேடியன்ட்டைச் சேர்த்தாராம்.

படி இறங்கும்போது, தோற்றதில் வருத்தமா என்று கேட்டேன். அவன் பதில் என்னை யோசிக்க வைத்தது. “நெட்ல வர்ற லிஸ்ட் ஆயிரம் பேர் கூடுற ஹாலுக்கு எழுதுனது சித்தப்பா. எதிர்ல யார் வருவான்னு தெரியாது. அதனால எல்லாத்தயும் கொஞ்சம் கொஞ்சம் சமாளிக்கிற மாதிரி கட்டுவாங்க. இங்க வர்றது பன்னெண்டு பேரு. பன்னெண்டு பேரயும் எனக்குத் தெரியும்.”

குளுவாங்கை விட்டு கிழக்கே வந்தால் சாலையின் இரு பக்கமும் செம்பனைதான். தூரத்தில் ஆயிரம் மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் பெலுமுட் மலை மட்டும் கொஞ்சம் வேறு பச்சை. ஆங்காங்கே யானை படம் போட்ட எச்சரிக்கைப் பலகைகள். வேடிக்கைக்கு வைத்ததில்லை. இந்த வட்டாரத்தில் யானைகள் தோட்டத்துக்குள் வந்து செம்பனைக் கன்றுகளின் குருத்தைத் தின்றுவிட்டுப் போவது அடிக்கடி நடப்பது. காட்டை வெட்டிவிட்டு, அதே இடத்தில் வரிசையாகத் தீனி நட்டுவைத்தால் யானை வேறென்ன செய்யும்?

பையன் தூங்கிப்போனான். எனக்கு என் காலத்துப் போட்டி ஞாபகம் வந்தது. தோட்டத்துப் பிள்ளைகள் நாங்கள் ரப்பர் கொட்டையில் மோதுவோம். ஒரு கொட்டைக்கு மேல் இன்னொன்றை வைத்து முஷ்டியால் அழுத்த வேண்டும். உடையாத கொட்டைக்காரன் வென்றான். உள்ளங்கை சிவந்துபோகும். ரப்பர் மரத்தில் ஒரு விசித்திரம் உண்டு: கொட்டையின் வடிவமும் மேலே உள்ள புள்ளிக் கோலமும் தாய் மரத்தின் இனத்தைப் பொறுத்தே அமையும். தேர்ந்த ஆள் கொட்டையைப் பார்த்தே மரம் எந்த இனம் என்று சொல்லிவிடுவார். எங்களுக்கு இனத்தின் பெயர் தெரியாது. எந்த நிரையின் கொட்டை உடையாது என்று தெரியும். ஒரு பருவத்தில் ஒருவன் அப்படி ஒரு நிரையைக் கண்டுபிடித்தான். அடுத்த வாரம் அத்தனை பேர் கால்சட்டைப் பையிலும் அந்த நிரைக் கொட்டைதான். பிறகு ஆட்டத்தில் சுவையே போய்விட்டது. இரண்டும் ஒரே கொட்டை, எது உடையும் என்பது அதிர்ஷ்டம். தட்டையான வேறொரு கொட்டையை ஒருவன் கொண்டுவந்து, அதை மேலே வைக்காமல் கீழே வைக்க ஆரம்பித்த பிறகுதான் மறுபடி உயிர் வந்தது. அதற்கு நாங்கள் மெட்டா என்று பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

பெரியவர்களின் ஆட்டமும் அதேதான். விக்கம் 1876இல் பிரேசிலிலிருந்து கொண்டுபோன விதைகளில் முளைத்து, 1877இல் சிங்கப்பூர் வந்து சேர்ந்த 22 கன்றுகளிலிருந்து பெருகியதுதான் நம் ரப்பர். பின்னாளில் ஆராய்ச்சிக் கழகம் இனம் பிரித்து ஒட்டுக்கட்டி, ஆர்ஆர்ஐஎம் 600 என்ற இனம் வந்தபோது நாடு முழுக்கத் தோட்டங்கள் அதைத்தான் நட்டன. பால் அதிகம், வேறு யோசனை எதற்கு? பிறகு செம்பனை ரப்பரையே தூக்கி எறிந்தது.

செம்பனைக் கதையில் குளுவாங்குக்குத் தனி இடம் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. மேற்கு ஆப்பிரிக்க மரத்தை இங்கே கொண்டுவந்தார்கள். அதன் பூவில் மகரந்தம் சேர்க்கும் வண்டைக் கொண்டுவரவில்லை. அதனால் காய் சரியாகப் பிடிக்கவில்லை. பல தோட்டங்களில் தொழிலாளர்கள் முகப்பவுடர் மாவோடு கலந்த மகரந்தத்தைக் குழாயில் ஏந்தி, மரம் மரமாகப் போய்ப் பெண்பூவில் ஊதினார்கள். அந்த வேலை செய்தவர்களில் நம் பெண்கள் நிறைய. என் பெரியம்மா வேலை முடிந்து வந்தால் புருவம் வரை மஞ்சளும் வெள்ளையுமாக இருக்கும். 1981இல் கெமரூனிலிருந்து கொண்டுவந்த ஒரு சிறிய கூன்வண்டை குளுவாங் வட்டாரத் தோட்டத்தில்தான் முதலில் விட்டார்கள். சீக்கிரமே தீபகற்பம் முழுக்கப் பரவிவிட்டது. பெரியம்மா மாதிரி ஆட்களின் வேலை முடிந்தது. ஒரே ஓர் அட்டை புதிதாக அச்சாகி வந்து மொத்த ஆட்டத்தையும் மாற்றுவதைப் பற்றிப் பையன்கள் பேசும்போது, எனக்கு அரிசி மணியைவிடச் சிறிய அந்த வண்டுதான் கண்ணுக்குள் வருகிறது.

இந்த அட்டை விளையாட்டுகளின் தாய், மேஜிக். கணிதப் பேராசிரியரான ரிச்சர்ட் கார்ஃபீல்ட் உருவாக்கி 1993 ஆகஸ்டில் வெளிவந்தது. அவர் போட்ட கணக்கைப் படித்தபோது, காஹாங் போன்ற ஊரை மனத்தில் வைத்துத்தான் விளையாட்டைச் செய்திருக்கிறார் என்று தோன்றியது. ஒருவர் சில பொட்டலங்கள் வாங்குவார். பலகை விளையாட்டு ஒன்றுக்குச் செலவழிக்கும் அளவுதான் செலவழிப்பார். வலிமையான அட்டை ஊருக்கு ஒன்றோ இரண்டோ இருக்கும். எல்லா அட்டைகளையும் யாருமே பார்த்திருக்க மாட்டார்கள். எதிரே இருப்பவன் என்ன போடுவான் என்பதே வியப்பாக இருக்கும். நடந்தது வேறு. முதல் அச்சு கண்மூடித் திறப்பதற்குள் விற்றுத் தீர்ந்தது. ஆட்கள் பெட்டி பெட்டியாக வாங்கினார்கள். ஒரே அட்டையை இருபது, முப்பது வைத்துக் கட்டினார்கள். 1994இன் தொடக்கத்திலேயே போட்டிக்கு ‘நான்குக்கு மேல் கூடாது’ என்ற விதி வந்துவிட்டது. அதன் பேரன் விதிதான் பையனின் பெட்டியில் இருப்பது.

1996இல் அந்த விளையாட்டில் ஒரு கோடையையே கருப்புக் கோடை என்று பெயரிட்டு அழைக்கிறார்கள். நெக்ரோபொட்டன்ஸ் என்ற கருப்பு அட்டை. உயிர்ப்புள்ளியைக் கொடுத்துவிட்டு வேண்டிய அளவு அட்டை எடுத்துக்கொள்ளலாம். எங்கு பார்த்தாலும் அந்தக் கட்டு. அந்த ஆண்டு சியாட்டலில் நடந்த உலகப் போட்டியில் வென்றவர் டாம் சான்பெங் என்ற ஆஸ்திரேலியர். அவர் கட்டில் வெள்ளைக் குதிரைவீரர்கள் இருந்தார்கள். கருப்பு அட்டைகள் அந்த வீரர்களைத் தொட முடியாது என்பது அவர்களின் வரம். நம் மிமிக்யூவின் மூத்த உறவுக்காரர்கள். இன்னொரு கூத்து: அவர் கட்டில் ஒரு நீல அட்டையும் இருந்தது, அதைப் போடத் தேவையான நீல நிலங்களைப் பட்டியலில் எழுத மறந்துவிட்டார். போட்டி முழுக்க அந்த அட்டை கையில் வந்தால் வெறும் காகிதம். அப்படியும் உலக வெற்றியாளர்.

அதே ஆண்டு பால் ஸ்லை என்பவர் அட்லாண்டாவில் ஒரு தகுதிச் சுற்றுக்கு, யாரும் சீந்தாத குட்டிச் சிவப்பு அரக்கர்களை அடுக்கிக்கொண்டு வந்தார். கட்டை அமைத்தவர் ஜே ஷ்னைடர். ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் குப்பை. ஆனால் முதல் முறையில் ஒன்று, இரண்டாவதில் அதைவிடச் சற்றுப் பெரியது என்று ஒரு முறைகூடச் சக்தி வீணாகாதபடி படிக்கட்டு போலக் கட்டப்பட்டிருந்தது. பெரிய கட்டுகள் மூச்சு விடுவதற்குள் ஆட்டம் முடிந்தது. இன்றைக்கும் அந்தக் கட்டுமுறைக்கு ஸ்லை என்றே பெயர். பிறகு என்ன ஆனது? அதையும் எல்லாரும் பார்த்து எழுதிக்கொண்டார்கள். ஒருவன் தலையில் உதித்தது ஆறு மாதத்தில் பட்டியலாகிவிடுகிறது.

சில சமயம் எந்தக் குதிரைவீரனும் வருவதில்லை. 2011இல் கா-பிளேட் என்ற கட்டு அப்படி ஆண்டது. அதில் ஜேஸ் என்ற அட்டை ஒன்றின் விலை மட்டும் நூறு அமெரிக்க டாலரைத் தொட்டது, நான்கு வேண்டும். கடைசியில் நிறுவனமே அந்த ஜூன் மாதம் ஜேஸையும் இன்னோர் அட்டையையும் தடை செய்து, மூச்சு விட இடம் கொடுத்தது. போக்கிமோனில் தடையைவிட ஓய்வுதான் வழக்கம். அட்டையின் கீழ் மூலையில் ஓர் எழுத்து இருக்கும். ஆண்டுக்கு ஒருமுறை பழைய எழுத்து போட்டியிலிருந்து விலகும். நான் போன மே மாதத்துக்குச் சற்று முன்புதான் ‘இ’ எழுத்து அட்டைகள் போயிருந்தன. செம்பனைக்கு இருபத்தைந்து ஆண்டுக்கு ஒருமுறை மறுநடவு. இவர்களுக்கு அவ்வளவு பொறுமை இல்லை.

பட்டியல் பார்த்துக் கட்டுவதை இழிவாகப் பேசும் ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வர்ணத்தை அட்சரம் பிசகாமல் பாடம் செய்யாதவர் கற்பனை ஸ்வரம் பாடினால் யார் கேட்பது? சாரிஸார்ட் எப்படி ஓடுகிறது என்று மனப்பாடமாகத் தெரிந்ததால்தான் பையனால் மிமிக்யூவை எடுக்க முடிந்தது. ராஜா இல்லாத ஊரில் அந்தப் பேய்க்கு வேலையே இல்லை. மேஜிக்கில் 2005இல் அழைப்பாளர் போட்டியை வென்ற நம் மலேசியர் டெர்ரி சோவும் உலகத்துப் பட்டியல்களை எல்லாம் கரைத்துக் குடித்தவர்தான். அந்த வெற்றிக்குப் பரிசு, சொந்தமாக ஓர் அட்டையை வடிவமைப்பது. 2006இல் அவர் முகத்தோடு அது அச்சாகி உலகம் முழுக்கப் போனது. பையனிடம் இதைச் சொன்னபோது அவனுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. அந்த அட்டையின் படத்தைக் கைப்பேசியில் வைத்திருக்கிறான்.

காஹாங்கில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு: ஊர் சிறியது. கடைவரிசை, ஒட்டுக்கடைகள், பின்னால் காஹாங் ஆறு, இரு பக்கமும் ஃபெல்டா குடியேற்றங்கள். போர்க்காலத்தில் இங்கே ஒரு விமானத் திடல் இருந்தது. 1942 ஜனவரியில் ஜப்பானியர் எண்டாவில் ஆளும் பொருளும் இறக்கியது குளுவாங், காஹாங் திடல்களுக்காகத்தான். இன்று அதைப் பற்றிக் கடையில் கேட்டால் வயதானவர்கள்கூட உதட்டைப் பிதுக்குகிறார்கள்.

செம்பனைக் கடலுக்கு நடுவே இங்கே ஒரு நெல் பண்ணை இருக்கிறது. இரசாயன உரமும் பூச்சிமருந்தும் இல்லாத நெல். கெடாவிலும் பெர்லிசிலும் நெல் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, ஜொகூரில் கதிர் ஆடுவதைப் பார்ப்பதே ஒரு வேடிக்கை. சுற்றி எல்லாரும் ஒன்றையே நட்டிருக்கும்போது, எனக்கு வேறொன்று வேண்டும் என்று ஒருவர் துணிந்திருக்கிறார். குளுவாங் மேல்மாடிக்கு அவரைக் கூட்டிப்போனால் சாரிஸார்ட் ஆட மாட்டார் என்று நினைக்கிறேன்.

கம்போங் பெத்தாவுக்கு நாங்கள் மறுநாள் போனோம். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி இல்லாமல் அந்த மண்பாதையில் இறங்காதீர்கள். மழை பெய்தால் சிவப்புச் சேறு முட்டி வரை. முதல் ஒரு மணி நேரமும் செம்பனைதான். பிறகு ஓரிடத்தில் நிரைகள் நின்றுவிடுகின்றன. அதற்கப்புறம் இரண்டு மரங்கள் ஒரே மாதிரி இல்லை. இந்தக் காடும் சும்மா மிஞ்சவில்லை. 1977இல் பகாங் பக்கம் மரம் வெட்ட அனுமதி கொடுத்தபோது நாடு முழுக்க எதிர்ப்பு கிளம்பி நின்றது. 1985, 86இல் மலாயா இயற்கைச் சங்கத்தினர் உள்ளே போய்ப் பட்டியல் எடுத்தார்கள். ஜானிங் மலையில் இருக்கும் விசிறிப் பனைக்கு 1987இல்தான் அறிவியல் பெயரே வைத்தார்கள். அதில் எண்டாவின் பெயர் இருக்கிறது. எங்களுக்கு வழிகாட்டிய ஜகுன் பெரியவர் பத்தடிக்கு ஒரு செடியைக் காட்டி, இது காய்ச்சலுக்கு, இது கயிறு திரிக்க, இது தொட்டால் அரிக்கும் என்று சொல்லிக்கொண்டே போனார். பையன் எல்லாவற்றையும் கைப்பேசியில் குறித்துக்கொண்டான். எதற்கு என்று கேட்டால் சிரிக்கிறான்.

அன்று மாலை அண்ணன் வீட்டு ஐந்தடியில் ஆறேழு சிறுபிள்ளைகள் வந்து உட்கார்ந்தார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள், ஃபெல்டாவிலிருந்து சைக்கிளில் வந்த இருவர், மளிகைக் கடைச் சீனப் பாட்டியின் பேத்தி. பையன் தன் உபரி அட்டைகளை எல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் கொட்டி நடுவே வைத்தான். அவன் வகுத்த விதி இது: கைப்பேசி பார்க்கக் கூடாது, டின்னில் இருப்பதை வைத்து ஆளுக்கு முப்பது, பண்டமாற்று செய்துகொள்ளலாம். கார்ஃபீல்ட் 1993இல் கண்ட கனவு, காஹாங்கில் ஒரு பிஸ்கட் டின் அளவுக்கு நடந்துகொண்டிருந்தது. அண்ணி டின்னைத் தேடிக்கொண்டிருந்தார் என்பது வேறு கதை.

பிள்ளைகள் கட்டிய கட்டுகளில் எந்த நியாயமும் இல்லை. ஒருவன் பல் தெரிகிற மாதிரி படம் உள்ளவற்றை மட்டும் எடுத்தான். சீனப் பாட்டியின் பேத்தி, மூன்றாம் ஆண்டு படிக்கிறவள், மீனாகப் பொறுக்கினாள். அதில் மூன்று மாஜிகார்ப். தண்ணீரில் துள்ளுவதைத் தவிர வேறொன்றும் செய்யத் தெரியாத சிவப்பு மீன். அது கியராடோஸ் என்ற ராட்சதப் பாம்பாக வளரும். ஆனால் டின்னில் கியராடோஸ் இல்லை. மூன்று ஆட்டம் வரிசையாகத் தோற்றாள். மீனை மாற்றிக்கொள் என்று எல்லாரும் சொன்னார்கள். மாட்டேன் என்றாள். கடைசியில் அண்ணன் மகனின் தனி ஆல்பத்தைப் புரட்டிப் பார்த்து, எட்டாவது பக்கத்தில் இருந்த கியராடோஸின் மேல் விரலை வைத்து, எவ்வளவு என்று மலாயில் கேட்டாள்.

அவன் கொஞ்ச நேரம் யோசித்தான். ஆல்பத்தில் அவனிடம் அது ஒன்றுதான் இருந்தது.

“பிசாங் கோரேங். ரெண்டு” என்றான்.

அவள் பாட்டியின் கடைப்பக்கம் ஓடினாள்.